கரையில் நிற்பார் கடன்

புறநானூற்றிலே சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றிய ஆறு பாடல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 80 முதல் 82 வரையுள்ளவை சாத்தந்தையார் பாடியவை. 83 முதல் 85 வரையுள்ளவை பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. கிள்ளி உறையூர்த் தித்தனின் மகன் என்பர். தந்தையோடு பிணங்கி நீங்கியவன், முக்காவனாட்டு ஆமூரிலே பெயர்பெற்ற மல்லன் ஒருவனை மற்போரில் வென்றான். அந்த வெற்றியைப் பாடும் சாத்தந்தையார், மகிழ்ந்தாலும் சரி மகிழாவிட்டாலும் சரி, தித்தன் இதைக் காணட்டும் என்று விரும்புகிறார். வென்ற மகனுக்குப் பொன்னும் பொருளும் வேண்டும் என்று புலவர் கேட்டிலர். தந்தை வந்து பார்க்கவேண்டும் என்பதே அவர் கேட்டது.

இப்பாடல்கள் பாடவிதானத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மல்லன் கதையை ஆண்டுதோறும் உயர்தர வகுப்பு மாணவர்க்குச் சொல்லிவிடுவது என் வழக்கம். பிற்பகல் வகுப்பின் உறக்கத்தைக் கலைக்க மற்போரினும் நல்ல மருந்து எனக்குக் கிடைத்ததில்லை. சென்ற ஆண்டும் 85 ஆம் பாடலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆமூர் கிள்ளியின் ஊரன்று. அந்த நாடும் அவன் நாடன்று. ஆதலால் கூடிநின்ற சனம் இருவகைப்பட்டது. வெற்றி அவனதே என்றனர் ஒரு சாரார். அன்று என்றனர் மற்றொரு சாரார். நக்கண்ணையாரோ சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, தம் மனையிலுள்ள பனையின் பருத்த அடியைச் சார்ந்து நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணாலேயே கண்டார்.

கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். முழங்காலிற் காயாத புண், சட்டையில் செம்மண். பேசாதவன் என்று நான் கணக்கெடுத்து வைத்திருந்த பிள்ளை அவன்.

“ஐயா, அவ ஏன் பனைக்குப் பக்கத்தில நிண்டு பார்த்தவ? கிட்ட வந்து பார்க்கேலாதோ?”

வகுப்புச் சிரித்தது. மகளிர்க்குரிய நாணம் என்று உரையாசிரியர் வழியிலே நான் விடை கூறினேன். அவன் அமரவில்லை.

“அதில்லை ஐயா. அவ்வளவு சனமும் மற்றவன்ர ஊர்ச்சனம். அவ ஒராள் தனக்காக நிக்கிறா எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்குமோ?”

இக்கேள்விக்கு எந்த உரையிலும் விடை இல்லை. மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

அன்று மாலை விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “பண்டிதர், அவன் எங்கள் உதைபந்தாட்ட அணியில் இடப்பக்க முன்வரிசை வீரன். சென்ற கிழமை வேற்றூர்த் திடலில் ஆடினோம். அவர்களுக்கு ஊரே திரண்டு நின்றது. எங்களுக்கு நானும் தண்ணீர்ப் போத்தல் தூக்கிய இரண்டு சிறுவரும். அவனுடைய தாயார் நாட்கூலிக்கு வயலுக்குப் போகிறவர். அவன் அடித்த கோலுக்குக் கைதட்டியவர் மூவர்” என்றார். கிள்ளியின் கதையை என் மாணவன் என்னிலும் நன்றாகப் படித்திருக்கிறான் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

ஆதரவு என்னும் சொல்லை நாம் இன்று பொருளுதவி என்ற அளவிலே சுருக்கிவிட்டோம். ஆதரம் என்றால் அன்பு, விருப்பம், மதிப்பு. அதிலிருந்து வந்ததே ஆதரவு. பணம் அதன் ஒரு கிளை, வேர் அன்று. விளையாட்டு வீரர்க்கு மக்கள் தரும் ஆதரவைப் பற்றிப் பேசப் புகுவோர் இந்த வேரிலிருந்து தொடங்குதல் நன்று.

நம் நாடு சிறியது. சிறிய நாட்டுக்கு வெற்றி அரிதாகவே வரும். ஆதலால் வந்த வெற்றியை நன்றாக நினைவில் வைத்திருக்கவேண்டும். சுதந்திரம் கிடைத்த 1948 ஆம் ஆண்டிலேயே இலண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு நாடு 52 ஆண்டுகள் காத்திருந்தது. 2000 இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். முதலாவதாக வந்தவர் ஊக்கமருந்துக் குற்றத்தால் பதக்கம் இழக்கவே, பின்னர் அது வெள்ளியாயிற்று. இவ்விரு பதக்கங்களுக்கும் இடையில், 1958 இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலே, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவராகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசியப் போட்டிகளில் இலங்கையின் முதலாவது தங்கத்தைப் பெற்றார். எங்கள் வகுப்பறைகளில் இப்பெயரை எழுதச் சொன்னால் எத்தனை பிள்ளைகள் பிழையின்றி எழுதுவர்? எழுதமாட்டார்கள் என்றால் குற்றம் பிள்ளைகளுடையதன்று, சொல்லிக்கொடுக்காத எங்களுடையது.

உதைபந்தாட்டத்தில் நம் நிலை இன்னும் எளிது. இலங்கை 1952 இல் பீபா என்னும் உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்திற் சேர்ந்தது. 1995 இல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசியத் தங்கக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியாவை 1–0 என வென்றது. அந்தக் கோலைப் பற்றி இன்றும் பேசும் முதியவர்கள் உளர். பின்னர் இறங்குமுகம். 2021 இல் கொழும்பிலேயே நடந்த நால்நாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில், ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்களே வாழும் சீஷெல்ஸ் தீவுக்குத் தண்டனை உதையிலே தோற்றோம். 2023 ஜனவரியில் நிருவாகக் குழப்பங்கள் காரணமாகப் பீபா நம் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்டிலே தடை நீங்கியது; அக்டோபரிலே நம் அணி உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் யேமனை எதிர்கொண்டது. முதலாட்டத்தில் தோற்று, இரண்டாவதில் சமநிலை கண்டு வெளியேறியது. பல மாதங்கள் சர்வதேச ஆட்டமின்றி இருந்த வீரரிடம் அதற்கு மேல் எதை எதிர்பார்ப்பது? கதிரைச் சண்டை போட்டவர் வேறு, கால் வலிக்க ஓடியவர் வேறு. பழி மட்டும் ஓடியவர் தலையில் விழுந்தது.

“சிறிய நாடு, என்ன செய்வது?” என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாமா என்றால், அதுவும் இயலாது. ஐஸ்லாந்து என்றொரு பனித்தீவு உண்டு. 2016 இல் அதன் மக்கள்தொகை 340,000ஐயும் எட்டவில்லை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் வாழ்ந்தவர் தொகை 370,000க்கு மேல். எனவே நம் வன்னியிலும் சிறிய நாடு அது. அந்நாடு 2016 இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் இங்கிலாந்தை 2–1 என வென்று காலிறுதிக்குச் சென்றது. 2018 இல் உலகக் கிண்ணப் போட்டியிலும் ஆடியது. 2025 இல் கியூராசோ என்னும் தீவு, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்களோடு, 2026 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது.

ஐஸ்லாந்தில் மாயம் எதுவும் நடக்கவில்லை. கடும் பனியிலும் ஆடுவதற்குக் கூரையிட்ட திடல்களைக் கட்டினார்கள். சிறு பிள்ளைகளுக்கும் முறையாகப் பயின்ற பயிற்றுநரையே நியமித்தார்கள். மற்றொரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. அந்த அணியின் பயிற்றுநர் ஹெய்மிர் ஹால்கிரிம்சன் தொழிலால் ஒரு பல் வைத்தியர். உள்ளூர் ஆட்டங்களுக்கு முன் அவர் ஆதரவாளர் கூடும் இடத்துக்குப் போய், இன்று யார் யார் ஆடுவர், எவ்வாறு ஆடுவர் என்று அவர்களுக்கு விளக்குவாராம். தொடக்கத்தில் வந்திருந்தவர் மிகச் சிலர். அவர்களை நம்பி அணியின் இரகசியத்தை அவர் சொன்னார். அவர்களும் அந்த நம்பிக்கையைக் காத்தார்கள். பின்னர் ஆயிரக்கணக்கானோர் கைகளை உயர்த்தி ஒருசேரத் தட்டிய ஓசையை உலகம் கேட்டது. கரையில் நிற்பவனையும் அணியில் ஒருவனாக எண்ணியதன் பயன் அது.

நம்மிடம் ஆர்வம் இல்லையா? உண்டு. வன்னியிலே விளையாட்டுக் கழகம் இல்லாத ஊரைக் காண்பது அரிது. வாசிகசாலைக்கு ஓடு இல்லாவிட்டாலும் திடலுக்குக் கோல் கம்பம் இருக்கும். மாரி மழையில் வெள்ளம் நிற்கும் திடலிலே, வெள்ளம் வற்றியதும் வெறுங்காலோடு பிள்ளைகள் இறங்கிவிடுவர். இறந்தவர் நினைவாகக் கிண்ணம் வைத்துப் போட்டி நடத்துவது நம் ஊர்களின் வழக்கம். எத்தனை பேரை இழந்தோம் என்பதற்கு அந்தக் கிண்ணங்களும் சாட்சி. புலம்பெயர்ந்த உறவினர் சீருடைக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் அனுப்புகிறார்கள். 2018 இல் வடக்கு கிழக்குப் பிரீமியர் லீக் நடந்தபோது, கிளியூர் கிங்ஸ், முல்லை பீனிக்ஸ், வவுனியா வாரியர்ஸ் என்று நம் ஊர்களின் பெயர் தாங்கிய அணிகள் களமிறங்கின. தம் ஊர்ப் பெயரைச் சொல்லி மாற்றூரில் ஆரவாரிக்கும் இன்பத்தை இளைஞர் அப்போது சுவைத்தனர்.

ஆயினும் நம் ஆதரவு காலம் தவறி வருவது. வென்றவன் வந்து இறங்கியபின் வாழைமரம் கட்டுகிறோம், மேளம் அழைக்கிறோம், ஒருவர் மேல் ஒருவராகப் பொன்னாடை போர்த்துகிறோம். அந்தப் பொன்னாடைகளின் விலையில் ஓராண்டு முட்டையும் பாலும் கொடுத்திருக்கலாம் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. 2022 இல் பாகிஸ்தானிலே குத்துச்சண்டை வகையொன்றில் தங்கம் பெற்ற முல்லைத்தீவு மாவட்டத்துக் கணேஷ் இந்துகாதேவியை நாம் கொண்டாடியது சரியே. 2023 இல் எழுபது வயது கடந்தபின் பிலிப்பைன்ஸ் சென்று முதியோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் பெற்ற முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மையாரைக் கொண்டாடியதும் சரியே. இவர்கள் பயணப்படுமுன் இவர்கள் பெயரை அறிந்திருந்தோர் நம்மில் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

புறநானூற்றிலே பொன்முடியார் பாடல் ஒன்று கடமைகளை வரிசைப்படுத்துகிறது. பெற்று வளர்த்தல் தாய்க்கு, சான்றோனாக்குதல் தந்தைக்கு, வேல் வடித்துக் கொடுத்தல் கொல்லனுக்கு, நன்னடை நல்கல் வேந்தனுக்கு, போர்க்களத்திலே யானையை எறிந்து மீளுதல் ஐந்தாவதாகத்தான் காளைக்கு. நால்வர் தம் கடனை முடித்தபின்பே ஐந்தாமவனிடம் கடன் கேட்கிறார் புலவர். நாமோ முதல் நான்கையும் மறந்து, சப்பாத்து இல்லாத பிள்ளையிடம் யானையைக் கொண்டுவா என்கிறோம். ‘கடன்’ என்ற சொல்லுக்குக் கடமை என்றும் திருப்பித் தரவேண்டிய பொருள் என்றும் இரு பொருளும் உண்டு. விளையாட்டு வீரர் விடயத்தில் இரண்டும் பொருந்தும்.

பிறரைக் குறைகூறுமுன் என் கணக்கையும் நான் திறந்து காட்டவேண்டும். 2003 ஆம் ஆண்டு, போர்நிறுத்தக் காலம். அப்போது நான் இளம் ஆசிரியன். சாதாரண தர வகுப்பிலே ஒரு பையன் மாலை வகுப்பிலிருந்து அரை மணி முந்திச் செல்ல அனுமதி கேட்டான். மாவட்ட அணித் தெரிவுக்குப் பயிற்சி என்றான். “பந்து உனக்குச் சோறு போடுமோ?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அவன் மறுபடி கேட்கவில்லை. பந்தை விட்டான். பரீட்சையிலும் அவன் பெரிதாகச் சித்தியெய்தவில்லை. நான் மறுத்த அந்த அரை மணியால் தமிழுக்கும் இலாபமில்லை, அவனுக்கும் இலாபமில்லை.

இனி, சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கடைசி வாங்குப் பிள்ளையின் அணிக்கு அடுத்த ஆட்டம் வந்தது. அதுவும் வேற்றூர்த் திடல்தான். வானுக்குப் பணம் போதவில்லை என்று விளையாட்டு ஆசிரியர் அலைந்தார். ஆசிரியர் அறையிலே நாங்கள் சிலர் ஆளுக்குச் சிறிது போட்டோம். ஆட்டத்தன்று, என்றுமில்லாதபடி, நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வான் அருகே போய் நின்றேன். சாரதி இறங்கி வந்து என்னை உற்றுப் பார்த்தார். முப்பதுகளின் பிற்பகுதி; தலையில் ஓரிரு நரை.

“ஐயா, நீங்களும் மட்ச் பார்க்க வாறியளோ?”

குரல் தெரிந்தது. 2003 ஆம் ஆண்டுப் பையன்தான். அக்கேள்வியிலே குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் மகிழ்ச்சி மட்டுமே இருந்தது. டீசலுக்கு மாத்திரம் காசு வாங்கினார், கூலி வாங்கவில்லை. “பெடியளுக்கு ஓடுறதுக்குக் கூலி வாங்கிறதில்லை, ஐயா” என்றார். வழிநெடுக முன் இருக்கையில் அவர் அருகே இருந்தேன். மன்னிப்புக் கேட்க எண்ணிய சொற்கள் பண்டிதன் வாயில் வந்தில. இறங்கும்போது, “தம்பி, அன்றைக்கு நான் உன்னைப் போகவிட்டிருக்கவேண்டும்” என்று மட்டும் சொன்னேன். அவர் சற்றுப் பேசாமல் நின்றார். பிறகு, “வாங்கோ ஐயா, துவங்கப்போகுது” என்று என் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்.

திடலின் ஓரத்திலே ஒரு பனை நின்றது. வெயிலுக்கு அஞ்சி அதன் அடியில் நின்றேன் என்பதே உண்மை. நக்கண்ணையார் நினைவு பிறகுதான் வந்தது. மறுகரையிலே ஓர் ஊர் நின்றது. எங்கள் கரையிலே நாங்கள் ஏழெட்டுப் பேர். உதைபந்தாட்டத்தின் விதிகள் எனக்குப் பாதிக்கு மேல் தெரியா; சாரதித் தம்பி சொல்லச் சொல்ல, நல்லது நடந்தபோது கைதட்டினேன். ஒருமுறை தவறான இடத்திலும் தட்டிவிட்டேன். 2–1 என்ற கணக்கிலே தோற்றோம். எங்கள் ஒரு கோலை அடித்தவன் வேறொரு பிள்ளை. பந்தை அவன் காலடிக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் என் மாணவன்.

வியர்வையோடு அவன் வந்து தண்ணீர் குடித்தான். தோல்வியில் என்ன சொல்வதென்று நான் தடுமாறினேன். போத்தலைத் திருப்பிக் கொடுத்தபடி அவனே சொன்னான்:

“ஐயா, பனையடியில நீங்கள் நிண்டதைக் கண்டனான்.”

அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கிள்ளியும் கண்டிருப்பான்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இலக்கிய அன்பர்களுமே இப்பக்கத்தைப் படிப்போர். உங்களிடம் பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. தவணைக்கு ஒருமுறையேனும் உங்கள் பாடசாலை அணி ஆடும் திடலுக்குச் செல்லுங்கள். வேற்றூர்த் திடலாயின் கட்டாயம் செல்லுங்கள். பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்குத் தவறிய பாடத்தை மறுநாள் சொல்லிக்கொடுங்கள். பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டிறுதிப் பாராட்டு விழாவுக்கு ஒதுக்கும் பணத்திற் பாதியை ஆண்டுத் தொடக்கத்திலேயே சப்பாத்துக்கும் உணவுக்கும் பயணச் செலவுக்கும் என்று பிரித்து வைக்கட்டும்.

இன்னொன்று, தமிழ் படித்தவர்க்கே உரிய கடன். 2010 இல் நாங்கள் மீண்டும் ஊருக்கு வந்தபோது, பழைய பாடசாலைக் கட்டடத்தின் இடிபாட்டிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தேன். ஒரு பக்கம் நசுங்கி, எழுத்து அழிந்திருந்தது. எந்த ஆண்டு, எந்த ஆட்டம், யார் யார் ஆடினார்கள் என்று சொல்ல ஒரு பதிவேடும் மிஞ்சவில்லை. ஆமூர் மற்போரை இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் நாம் பேசுகிறோம் என்றால், இரண்டு புலவர் கண்டு பாடியதனாலே பேசுகிறோம். நம் ஊர்த் திடல்களில் ஆடியவர்களில் முதியோர் சிலர் இன்னும் இருக்கிறார்கள். மாணவர்களை அவர்களிடம் அனுப்பிப் பெயர்களையும் ஆண்டுகளையும் கேட்டு எழுதச் செய்யலாம். கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் நல்ல பொருள் இல்லை.

என் வகுப்பிலே இந்த வேலையை இவ்வாண்டு தொடங்கியிருக்கிறோம். நசுங்கிய கிண்ணம் என் மேசையில் இருக்கிறது. அதைப் பார்த்த ஒரு முதியவர், அதை வென்ற அணியிலே தாம் காவலராக நின்றதாகச் சொல்லியிருக்கிறார். பதினொரு பெயர்களில் இதுவரை ஆறு கிடைத்துள்ளன.